பைக்குள் இருந்த பிரேக்

ராஜபாண்டி செத்த அன்று அந்த வண்டியின் பிரேக் சுடலைக்கண்ணனின் தோள்பைக்குள் இருந்தது.

முழு பிரேக்கும் அல்ல, மாஸ்டர் சிலிண்டர் மட்டும். மிதியைக் காலால் அழுத்தும்போது எண்ணெயை நான்கு சக்கரங்களுக்கும் தள்ளிவிடுகிற வார்ப்பிரும்புத் துண்டு அது. உரித்த தேங்காய் அளவு இருக்கும். அது இல்லாத வண்டியில் மிதி வெறும் தகடு. ஆயுத பூஜையன்று காலை செம்பூர் காரேஜில் வண்டி உருண்டபோது, அந்தத் துண்டு ஒரு பழைய பனியனில் சுற்றி, குர்லாவின் இரும்புக் கடை ஒன்றில் சுடலைக்கண்ணனின் மடியில் இருந்தது.

அன்று வண்டியில் பிரேக் இல்லை என்பது மூன்று பேருக்குத் தெரியும். சுடலைக்கண்ணனுக்கு, காரேஜ் முதலாளி வானமாமலைக்கு, அங்கே தகர வேலை பார்த்த ராஜபாண்டிக்கு. மூன்றாமவர் போய்விட்டார். அவர் சுடலைக்கண்ணனின் தங்கை இசக்கிசெல்வியின் கணவர்.

சுடலைக்கண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. தாராவியில் தொண்ணூறு அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. கீழே தங்கை குடும்பம். மேலே அவரும் மனைவி செண்பகவல்லியும். மேலே போக இரும்பு ஏணி, பதினோரு படி. ஏணி தங்கையின் வாசலை ஒட்டியே நிற்கிறது. ஏறினாலும் இறங்கினாலும் அந்த வாசலைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அவர் மெக்கானிக் இல்லை. கடைக்காரரும் இல்லை. அவர் செய்யும் வேலைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பழைய வண்டிகளுக்கு இல்லாமல் போன பாகங்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவருவார், அவ்வளவுதான். பதினெட்டு வயதில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து குர்லாவில் லாரியிலிருந்து இரும்பு இறக்கினார். உடைத்துப்போட்ட வண்டிகளின் எலும்புகளைப் பித்தளை தனி, அலுமினியம் தனி, வார்ப்பு தனி என்று பிரித்துப் போடுவது வேலை. நாலைந்து வருஷத்தில் எந்த எலும்பு எந்த வண்டியின் எந்த மூட்டிலிருந்து வந்தது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் வார்ப்பில் பதிந்திருக்கும் எண்ணையும் எழுத்தையும் பெருவிரலால் தடவியே சொல்லிவிடுவார். துருவுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாததும் அந்த விரலுக்குத் தெரியும். போல்ட்டின் மரையை ஒருமுறை உருட்டினால் அரை அங்குலமா, அதற்கு ஒரு நூல் குறைவா என்று சொல்வார். படித்த இஞ்சினியர்கள் பலர் இதைப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட அவருக்கு உட்கார நாற்காலி போட்டதில்லை.

அவர் விடாமல் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. கையில் பழசு இல்லாமல் கடையில் வாயைத் திறக்க மாட்டார். வாயால் கேட்டால் கடைக்காரன் கிட்டத்தட்ட இருப்பதை எடுத்து நீட்டுவான். போட்டோவைக் காட்டினால் அளவு தெரியாது. அதனால் வண்டியிலிருந்து கெட்டுப்போன பாகத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். அதற்குச் சாம்பிள் என்று பெயர். ஜோடி கிடைக்கும்வரை, ஒரு வாரமானாலும் இரண்டு மாதமானாலும், சாம்பிள் அவரோடு சுற்றும். கழற்றியது பிரேக் சம்பந்தப்பட்டது என்றால் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். சக்கரங்கள் உருளாமல் கல் அண்டக் கொடுப்பார். முப்பது வருஷமாக இப்படித்தான்.

அந்த வண்டி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷத்து டாட்ஜ் பிக்கப். முன்னால் மூக்கு உருண்டிருக்கும், பின்னால் மரப் பலகை அடித்த தொட்டி. கர்ஜத் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் தீவன மூட்டைக்கு அலமாரியாக நின்றிருந்தது. அதை ஒரு கட்டடக் கம்பெனி முதலாளி வாங்கினார். காரேஜில் அவரை யாரும் பெயர் சொல்வதில்லை, ‘பார்ட்டி’ என்பார்கள். பிப்ரவரியில் பழைய வண்டிகளின் ஊர்வலத்தில் அதை ஓட்ட வேண்டும், அதற்குள் தயார் செய்ய வேண்டும் என்பது உத்தரவு. வண்டிக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேச மூன்று பேர் வந்தார்கள். தகரம் தட்டுகிறவனுக்கு ஒரு கையுறை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கதவுக் கைப்பிடி ஒன்று காட்கோபரில் ஒரு பூட்டுக் கடையில் கிடைத்தது. முன்விளக்கின் வளையம் பழைய ஆம்புலன்ஸ் ஒன்றிலிருந்து வந்தது. மாஸ்டர் சிலிண்டர் மட்டும் கிடைக்கவில்லை. உள்சுவர் முழுக்கக் குழி. தாராவியில் லேத் வைத்திருக்கும் சேசுராஜ் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“உள்ள குழாய் இறக்கிக் குடுப்பேன் சுடலை. ஆனா இந்தா பாரு, வார்ப்புலயே கீறல். இத மாட்டிக் குடுத்தேன்னா நாளைக்கு எவன் தலையிலயாவது விடியும். வேண்டாம்.”

ஆகவே கடல் தாண்டித் தேட வேண்டியதாயிற்று. ராஜபாண்டியின் மகள் மாலதி, இருபத்திரண்டு வயது, சான்பாடாவில் ஒரு கணக்கு ஆபீஸில் வேலை. அவள்தான் போனில் தேடினாள். அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்ற இடத்தில் டேல் என்ற ஒரு பெரியவர் தன் கொட்டகையில் பழைய டாட்ஜ் பாகங்களை வைத்து விற்கிறார் என்று கண்டுபிடித்தாள். அவர் அளவு கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சுடலைக்கண்ணன் சிலிண்டரைப் பையிலிருந்து எடுத்துக் கீழ் வீட்டுப் பாயில் வைத்தார்.

“மாமா, ஸ்கேல பக்கத்துல வைங்க. போட்டோ எடுக்கேன்.”

“எண்ணெய் ஒழுகுது பாரு. பாயெல்லாம் போச்சி,” என்றாள் இசக்கிசெல்வி. அவள் தோல் பர்ஸுகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தே செய்யும் வேலை.

மாலதி போனைப் பார்த்துச் சிரித்தாள். “வலது கை ஸ்டியரிங்னு சொன்னேன். ராங் சைடு வண்டியான்னு கேக்காரு.”

“நாமளா ராங் சைடு?” என்றார் ராஜபாண்டி. தட்டில் மீன் குழம்பு. “அவன் ஊர்லதாம் எல்லாரும் ராங் சைடுல போறான். எழுது அப்படியே. அப்புறம் கேளு, சிலிண்டரோட ஒரு டிக்கெட்டும் சேர்த்து அனுப்புவாரான்னு. மச்சானை அங்கேயே ஏத்தி விட்டிருவோம். ஒரு ஆள் சோறு மிச்சம்.”

“முதல்ல நீங்க போங்க,” என்றாள் இசக்கிசெல்வி. “தகரம் தட்டுத கனவு கண்டு ராத்திரி என்னையப் போட்டு அடிக்காம இருப்பீக.”

“மாப்ள,” என்றார் சுடலைக்கண்ணன், “வண்டி பிரேக் இல்லாம நிக்கி. கல்லு அண்டக் குடுத்திருக்கேன். கவனமா இரும்.”

“நாலு கல்லும் எனக்குத் தெரியும் மச்சான். தெனம் அது மேல உக்காந்துதான் டீ குடிக்கேன்.”

போட்டோ போனது. டேல் தன்னிடம் இருப்பது பொருந்தும் என்று எழுதினார். பார்சல் கிளம்பியது. ஆனால் கடல் தாண்டி வருவது கைக்கு வந்தால்தான் நிச்சயம். சுங்கத்தில் எத்தனை நாள் கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் சுடலைக்கண்ணன் சாம்பிளைத் திரும்ப மாட்டவில்லை. வழக்கம்போல் பையில் போட்டுக்கொண்டு குர்லாவில் தேடிக்கொண்டே இருந்தார்.

ஆயுத பூஜைக்குத் தமிழர் கடைகள் அடைத்திருந்தன. குர்லாவில் சாஹிலின் இரும்புக் கடை திறந்திருந்தது. சுடலைக்கண்ணன் பூஜை வேண்டாம் என்பவர் அல்ல. தேடுவதற்கு ஒரு நாள் கிடைத்தது, போனார்.

செம்பூரில் நடந்ததை அவர் பிறகுதான் கேட்டறிந்தார். எஞ்சினும் கியர்பாக்ஸும் வண்டியில் இல்லை, தரையில் பிரித்துக் கிடந்தன. ஆனால் பார்ட்டியின் ஜோசியர் நாள் குறித்திருந்தார். அன்று ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி வடக்குப் பார்த்து நகர வேண்டும். எஞ்சின் இல்லாவிட்டால் என்ன, கையால் தள்ளினால் நகராதா? பார்ட்டி வரவில்லை. போனில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியைக் கழுவினார்கள். ஸ்டியரிங்கில் அழுக்குச் சிவப்புத் துணி கிடந்தது நல்ல நாளில் நன்றாக இல்லை என்று வானமாமலை தன் கையாலேயே அவிழ்த்தெறிந்தார். அங்கே சாமந்தி மாலை போட்டார்கள். பிறகு சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க இடம் வேண்டும். கல்லை எடுக்கச் சொன்னார் வானமாமலை. பின்சக்கரத்துக்கு இரண்டு பேர் தோள் கொடுத்துக்கொண்டார்கள்.

காரேஜின் தரை வாசலை நோக்கிச் சரியும். மழைத் தண்ணீர் வெளியே ஓடுவதற்காக அப்படிக் கட்டியது. வாசலில், வண்டிக்கு முன்னால், பூசணிக்காயோடு நின்றவர் ராஜபாண்டி. வருஷா வருஷம் அவர்தான் உடைப்பார், ஒரே வீச்சில் சிதறும் என்பதால். சூடம் ஏற்றிய பூசணிக்காயை மூன்று சுற்று சுற்ற வேண்டும். இரண்டாவது சுற்றில் தோள் கொடுத்தவர்களில் ஒருவன் கும்பிடக் கையை எடுத்தான்.

வாசலின் இரும்புத் தூணுக்கும் வண்டியின் மூக்குக்கும் நடுவே நசுங்கி ராஜபாண்டி நின்றுபோனார்.

சாஹிலின் கடையில் போன் வந்தபோது சுடலைக்கண்ணன் ஒரு போல்ட்டை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு போனை வைத்தார். “க்யா ஹுவா, அண்ணா?” என்று சாஹில் கேட்டார். “ஒண்ணுமில்ல,” என்று தமிழில் சொன்னார். போல்ட்டை மறுபடி உருட்டினார். அரை அங்குலமா, குறைவா என்று தெரியவில்லை. மரையே தெரியவில்லை. வழவழப்பான குச்சியைப் போல இருந்தது. அதை அதன் பெட்டியில் போட்டுவிட்டு, சாம்பிளைப் பனியனில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

ஆஸ்பத்திரியில், சுடுகாட்டில், எங்கேயும் அந்தப் பை அவர் தோளில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. அது இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு.

மூன்றாம் நாளே பேச்சு கிளம்பிவிட்டது. வண்டி காவு வாங்கிவிட்டது என்றார்கள். கோழிப் பண்ணையில் யாரோ தூக்குப் போட்டுக்கொண்டு செத்தார்களாம், அது வண்டியோடு வந்துவிட்டதாம். சுத்தம் செய்ய மாட்டுங்காவிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் வண்டியைச் சுற்றி உப்புப் போட்டார். காரேஜில் மற்ற வேலைக்காரர்கள் வண்டிக்குப் பக்கத்தில் போகப் பயந்தார்கள். ஒரு டன் இரும்பு, சரிவான தரை, பிரேக் கிடையாது, கல்லும் கிடையாது. இதில் பேய்க்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது? கல்லை எடுத்தால் சக்கரம் உருளும் என்பது நியாயம் கேட்கிற எவனுக்கும் தெரியும். ஆனால் பேய் செய்தது என்று சொன்னால், கல்லை எடுக்கச் சொன்ன வாய் எது என்று யாரும் தேட மாட்டார்கள். பேய்களை நம் ஊரில் வாழ வைப்பது பயம் மட்டும் அல்ல, அவற்றால் இப்படிச் சிலருக்கு வசதியும் இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வானமாமலை வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். சுடலைக்கண்ணனை ஏணிக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

“சயான்ல ஏதோ யூனியன் ஆபீஸ்ல உம் மருமவ மாலதி நஷ்டஈடு கேட்டு மனு எழுதிக் குடுத்திருக்காளாம்லா. அடுத்த மாசம் விசாரணை. நீ இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா ஒரு தொல்லையும் இல்ல.”

“என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?”

“மராட்டியில எழுதியிருக்கு. நான் சொல்லுதேன். அன்னைக்கு லீவு. ராஜபாண்டி வேலைக்கு வரல, பூஜைக்கு விருந்தாளியா வந்தான். வண்டியில பிரேக்கெல்லாம் நல்லாருந்துது. அவனே உள்ள ஏறிக் கைபிரேக்க எடுத்துட்டு முன்னால வந்து நின்னுட்டான். அம்புட்டுத்தான்.”

சுடலைக்கண்ணன் காகிதத்தைப் பார்த்தார். ஓரத்தில் குத்தியிருந்த பின் லேசாகத் துருப்பிடித்திருந்தது. அந்த வண்டியின் கைபிரேக் கியர்பாக்ஸின் வாலில் இருக்கும். கியர்பாக்ஸ் அன்று தரையில் கிடந்தது. இல்லாத ஒன்றை எப்படி எடுப்பது? இது அவருக்குத் தோன்றியது. ஆனால் சொல்லத் தோன்றவில்லை. போலீஸ்காரர்களில் யாரும் அன்று வண்டியின் மூக்கைத் தூக்கிப் பார்க்கவில்லை. இப்போது வெளியாட்களை வைத்து எஞ்சினையும் கியர்பாக்ஸையும் உள்ளே ஏற்றிவிட்டார்கள்.

“இருவது வருஷமா எங்கிட்ட வேலை பாத்த பையன் அவன். எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? வண்டி காவு கேட்டுட்டு, நாம என்ன செய்ய? ஒண்ணு யோசி சுடலை. சிலிண்டரக் கழட்டுனது நீதான? பிரேக் இல்லைன்னு எவனாவது சொன்னா, மொதல்ல உன்னையத்தான் பிடிப்பான்.”

“யோசிக்கேன் அண்ணாச்சி.”

“யோசி. ஆனா போட்டுரு.”

அவர் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியது மனசுக்குள் ஒரு அறையில் இருந்தது, அந்த அறைக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. காலையில் ஏணியில் இறங்குவார். தங்கை கொடுக்கும் காப்பியைக் குடிப்பார். குர்லாவுக்குப் போவார். ஒன்றையும் தேடாமல் சாஹிலின் கடையில் உட்கார்ந்திருப்பார். மாலை ஏணியில் ஏறுவார். செண்பகவல்லி சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், வைக்க மறந்தால் கேட்க மாட்டார். பெருவிரல் இன்னும் திரும்பி வரவில்லை. எந்த இரும்பைத் தொட்டாலும் ஒன்றுபோலவே இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் பார்சல் வந்தது.

மாலதியின் பெயருக்கு வந்திருந்தது. அவள் கீழ் வீட்டில், அதே பாயில் வைத்துப் பிரித்தாள். உள்ளே டிராக்டர் விளம்பரங்கள் போட்ட ஒரு அமெரிக்கச் செய்தித்தாள் கசக்கித் திணித்திருந்தது. நடுவே சிலிண்டர், எண்ணெய்ப் பூச்சோடு. ஒரு துண்டுக் காகிதத்தில் பேனாவால் எழுதியிருந்தார் டேல்.

“என்ன எழுதியிருக்காரு?” என்றாள் இசக்கிசெல்வி.

“வண்டி ஓடினதும் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுதாரு. ராங் சைடு ஸ்டியரிங் தெரியணுமாம்.”

மாலதி புதுச் சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாயில், முன்பு பழசு இருந்த இடத்தில், எண்ணெய் பட்டுச் சாயம் போய் ஒரு வெள்ளை வட்டம் இருந்தது. பக்கத்தில் புதுசை வைத்தாள்.

“மாமா, பழசு எங்க? அளவு பாக்கலாம்ல?”

“பையில இருக்கு.”

“காரேஜ்லருந்து திரும்பக் கழட்டிட்டு வந்துட்டீங்களா?”

“இல்ல.”

“பின்ன?”

“அது பையிலதான் இருக்கு. நீ போட்டோ எடுத்த அன்னையிலருந்து.”

இசக்கிசெல்வியின் கத்தரிக்கோல் நின்றது.

“போட்டோ எடுத்துட்டுத் திரும்ப மாட்டிட்டன்னுல்லா நெனச்சேன். அன்னைக்கு வண்டியில பிரேக்கே கெடையாதா?” என்றாள்.

“கெடையாது.”

“அவுகளுக்குத் தெரியுமா?”

“தெரியும். கல்லு இருக்குன்னு நம்பி நின்னுருக்காரு. முன்னால நின்னவருக்குப் பின்சக்கரத்துக் கல்ல எடுத்தது தெரியல.”

“யாரு எடுத்தா?”

“அண்ணாச்சி எடுக்கச் சொன்னாரு. பழம் வைக்க.”

அவள் பாயில் இருந்த வெள்ளை வட்டத்தை விரலால் தேய்த்தாள். பிறகு, “இருபத்தெட்டு நாளா இந்த ஏணியில ஏறுத, எறங்குத. நான் போட்ட காப்பியக் குடிக்க. ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா அண்ணே?” என்று கேட்டாள்.

“தோணல.”

“அழுதியா?”

“இல்ல.”

“நானும் அழல. வாறவ எல்லாம் என்னையக் கட்டிப் பிடிச்சி உலுக்குதாளுவ. கண்ணீரே வரல. புருசன் செத்ததுக்கு இவ அழலையேன்னு பேசிட்டுப் போறாளுவ.” கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு பர்ஸின் நூலை வெட்டினாள். “அவுகளே பிரேக்க எடுத்துட்டாகன்னு எழுதியிருக்காம்லா. மாலதி சொன்னா.”

“ஆமா.”

“பதினஞ்சி வயசுலருந்து வண்டிக்கு அடியில படுத்து வேலை பாத்த மனுசன். பிரேக்க எடுத்துட்டு முன்னால போயி நிக்க அவுக என்ன கிறுக்கா? எனக்குத் துட்டு வரட்டும், வராமப் போட்டும். அந்த ஒரு வரி மட்டும் இருக்கப்படாது.”

“பழசக் காட்டுனா என்னையப் பிடிப்பாங்க, தாயி.”

“பிடிச்சா பிடிக்கட்டும். தூக்குச்சட்டியில சோறு கொண்டாந்து தாறேன்,” என்றாள். “கழட்டுனது நீதான?”

“நான்தான்.”

“அப்போ அதையும் சொல்லு.”

மறுநாள் அவர் புதுச் சிலிண்டரை எடுத்துக்கொண்டு செம்பூருக்குப் போனார். ஏன் போக வேண்டும் என்று மாலதி கேட்டாள். கால் பிரேக் இல்லாத வண்டி இன்னும் அதே சரிவில்தான் நிற்கிறது, நாளைக்கு இன்னொருவன் அதன் முன்னால் நிற்பான் என்றார். வேலைக்காரர்கள் பக்கத்தில் வரவில்லை. தனியாக வண்டிக்கு அடியில் படுத்து மாட்டினார். போல்ட் துளைகள் நூல் பிசகாமல் உட்கார்ந்தன. ஏழாயிரம் மைலோ எட்டாயிரம் மைலோ தள்ளி ஒரு கொட்டகையில் கிடந்தது, இங்கே தன் இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. வேறொரு நாளாக இருந்திருந்தால் அவர் சாஹிலுக்குப் போன் போட்டுப் பீற்றியிருப்பார். எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றி, மிதியை அழுத்தினார். கல் மாதிரி நின்றது. இறங்கி, நான்கு முட்டுக் கல்லையும் அவரே எடுத்துவிட்டு வண்டியின் முன்னால், ராஜபாண்டி நின்ற இடத்தில், நின்றார். மிதியை அழுத்திப் பிடிக்க உள்ளே யாரும் இல்லை. அரைக் கணம்தான். வண்டி அசையத் தொடங்குவதைப் பார்த்ததும் கால்தான் முந்தியது. பாய்ந்து ஏறி மிதித்தார். நின்றது.

இதை வானமாமலை ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார். வெளியே வந்தார்.

“என்னடே செய்யுத? பைத்தியமா?”

“பிரேக் பிடிக்கா, பாத்தேன்.” கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, அவர் கல்லைத் திரும்பச் சக்கரத்துக்கு வைத்தார்.

“சரி. பழசு எங்க?”

புதுசு மாட்டினால் பழசை வண்டிக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது வண்டியின் சொத்து. முப்பது வருஷத்தில் ஒரு வாஷரைக்கூட அவர் வைத்துக்கொண்டதில்லை.

“எங்கிட்ட இருக்கு அண்ணாச்சி. சாம்பிளுக்கு.”

“புதுசுதான் வந்துட்டுல்லா? இன்னும் என்ன சாம்பிளு? குடு, உருக்கப் போட்டுருவோம்.”

“இன்னொரு இடத்துல காட்ட வேண்டியிருக்கு.”

வானமாமலைக்குப் புரிந்தது. முகம் மாறவில்லை, குரல்தான் இறங்கியது. “இந்த வாசல் உனக்கு அதோட சரி, பாத்துக்கோ.”

“ஆட்டும் அண்ணாச்சி,” என்றார் சுடலைக்கண்ணன். கையைத் துடைத்த சிவப்புத் துணியை மடித்து ஸ்டியரிங்கில் வைத்துவிட்டு வந்தார். அதற்கு இனித் தேவை இல்லை. கை பழக்கத்தில் செய்தது.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. மேஜையின் ஒரு பக்கம் வானமாமலை, பக்கத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல். மறுபக்கம் இசக்கிசெல்வி, மாலதி, அவர்களுக்குப் பின்னால் பையோடு சுடலைக்கண்ணன். வக்கீல் காகிதத்தைப் படித்தார். லீவு நாள், விருந்தாளி, நல்ல பிரேக், அவரே எடுத்தார். படித்து முடித்து, “சாட்சி கையெழுத்துப் போட வந்திருக்கிறார்,” என்று சுடலைக்கண்ணனைக் காட்டினார். தன் தலைக்குப் பயந்து கடைசியில் போட்டுவிடுவார் என்று வானமாமலை இன்னும் நம்பியிருந்தார்.

சுடலைக்கண்ணன் எழுந்து மேஜைக்குப் போனார். பையிலிருந்து பனியன் சுருட்டை எடுத்தார். பிரித்தார். வார்ப்பிரும்பு, கண்ணாடி மேஜைமேல் ‘டொக்’ என்று உட்கார்ந்தது. ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தது.

“யே க்யா ஹை?” என்றார் அதிகாரி.

“சாம்பிள்,” என்றார். பிறகு மாலதியைப் பார்த்துத் தமிழில் சொன்னார். அவள் இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தாள். இது அந்த வண்டியின் பிரேக். விபத்துக்குப் பதினோரு நாள் முன்னால் நான்தான் கழற்றினேன். திரும்ப மாட்டவில்லை. இதைக் கழற்றிய பிறகு எடுத்த போட்டோ இவள் போனில் தேதியோடு இருக்கிறது. கைபிரேக் கியர்பாக்ஸோடு தரையில் கிடந்தது. கல் வைத்திருந்தேன், துணி கட்டியிருந்தேன். இரண்டையும் எடுத்தது நான் இல்லை. ராஜபாண்டி இருபது வருஷமாக அங்கே வேலைக்காரர். அன்றைக்கு அந்தப் பூசணிக்காயை உடைக்கச் சொன்னதும் முதலாளிதான்.

எந்த வார்த்தையிலும் அவர் குரல் ஏறவில்லை. கடையில் அளவு சொல்வதுபோலச் சொன்னார்.

“சுடலை,” என்றார் வானமாமலை மெதுவாக, “உந் தலையில நீயே மண்ண அள்ளிப் போடுத.”

“என் பங்க நான் எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. உங்க பங்க நீங்க எடுத்துக்கிடுங்க.”

அதிகாரி சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தார். சுடலைக்கண்ணன் மேல் நடவடிக்கை வரலாம் என்பது தெரியுமா என்று மாலதியிடம் கேட்டார். தெரியும் என்று மாலதி சொன்னாள், மாமாவிடம் கேட்காமலே. அதிகாரி குமாஸ்தாவைக் கூப்பிட்டு, பொருளைப் பதிவு செய்து சீட்டுக் கொடுக்கச் சொன்னார். குமாஸ்தா சிலிண்டரைக் காகிதத்தால் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, நோட்டில் மராட்டியில் எழுதினார். எழுதியதை வாய்க்குள் சொல்லிக்கொண்டார்: “ஜுனே லோகண்ட்.”

பழைய இரும்பு. முப்பது வருஷமாகக் குர்லாவில் கேட்ட வார்த்தை.

“லோகண்ட் நஹி சாப்,” என்றார் சுடலைக்கண்ணன். “பிரேக். பிரேக் லிகோ.”

குமாஸ்தா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். குமாஸ்தா அதை அடித்துவிட்டு ‘பிரேக்’ என்று எழுதினார். எண் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

சுடலைக்கண்ணன் சிலிண்டரின் பக்கவாட்டில் பெருவிரலை வைத்தார். ஒன்று, பூஜ்யம், எட்டு, ஐந்து. அவை மனப்பாடம். அதற்கு மேல் விரலுக்கு எதுவும் தெரியவில்லை. இன்னொரு முறை தடவினார். குமாஸ்தா பேனாவோடு காத்திருந்தார்.

மாலதி எழுந்து வந்து குனிந்து, மிச்ச எண்களைக் கண்ணால் பார்த்துப் படித்தாள்.